வண்டித் தடமும் வரைபடமும்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் மண்பாதைகள் சில இன்னும் எஞ்சியுள்ளன. மழை பெய்து ஓய்ந்தபின் அத்தகைய பாதையில் மாட்டு வண்டி ஒன்று சென்றிருக்குமாயின், ஈர மண்ணில் இரண்டு கோடுகள் பதிந்திருக்கக் காணலாம். பாதை நேரே செல்லுமிடத்தில் அவை நேர்கோடுகளாக இருக்கும். வழியில் நிற்கும் புளியமரத்தைச் சுற்றித் திரும்புமிடத்தில் அவை வளைகோடுகளாக மாறும். நேராயினும் வளைவாயினும், அவ்விரு கோடுகளுக்கும் இடையே உள்ள தொலைவு மட்டும் மாறுவதே இல்லை. வண்டியோட்டி அதைப்பற்றி எண்ணுவதில்லை, மாடுகளும் அறியா. எனினும், கோணல் மாணலான எந்தக் கோட்டிற்கும் பிழையற்ற இணைகோடு ஒன்றை அந்த வண்டி வரைந்து விடுகின்றது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? வண்டியின் இரண்டு சக்கரங்களும் ஓர் அச்சின் இரு முனைகளில் மாட்டப்பட்டுள்ளன. அச்சின் நீளம் மாறாதது. சக்கரம் பக்கவாட்டில் வழுக்குவதில்லை, முன்னோக்கியே உருளும். ஆதலின், வண்டி எத்திசை நோக்கித் திரும்பினும், அச்சு எப்பொழுதும் செல்லும் திசைக்குச் செங்குத்தாகவே நிற்கும். ஒரு கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும், அக்கோடு அவ்விடத்தில் செல்லும் திசைக்குச் செங்குத்தாக, ஒரே அளவு தொலைவு விலகி வரையப்படும் மற்றொரு கோடே அதன் இணைகோடு. வண்டியின் அச்சே அச்செங்குத்து. அச்சின் நீளமே அத்தொலைவு. பள்ளியில் நாம் படிக்கும் நேர்கோட்டு இணைகள் இவ்விலக்கணத்தின் மிக எளிய வகையைச் சேர்ந்தவை.

இவ்விரு தடங்களும் நீளத்தால் ஒத்தவை அல்ல. சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் தொலைவு உள்ளதெனக் கொள்வோம். வண்டி ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்புகின்றது. உட்சக்கரம் செல்லும் வட்டத்தின் ஆரம் 10 மீட்டர். அப்பொழுது உட்சக்கரம் 15.71 மீட்டரும், வெளிச்சக்கரம் 18.06 மீட்டரும் உருளும். வேறுபாடு ஏறத்தாழ 2.36 மீட்டர். இனி, அத்திருப்பம் மிக அகன்றதாக, உள்வட்ட ஆரம் 100 மீட்டராக இருப்பின் வேறுபாடு எவ்வளவு? பலரும் பத்து மடங்கு என்று விடை கூறுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அதே 2.36 மீட்டர்தான் வரும். வேறுபாடு திருப்பத்தின் கோணத்தையும் அச்சின் நீளத்தையும் மட்டுமே பொறுத்தது. வளைவின் அகலத்தைப் பொறுத்ததன்று. இவ்வுண்மையே ஓட்டப்பந்தயத் திடலிலும் விளங்குகின்றது. 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் தடத்தில் ஓடுபவரை முதல் தடத்தாரினும் ஏறத்தாழ 7 மீட்டர் முன்னே நிறுத்துவதன் காரணம் இதுவே. தடத்தின் அகலம் 1.22 மீட்டர், ஒரு முழுச்சுற்றில் அவ்வகலம் தரும் கூடுதல் நீளம் அவ்வளவு. திடல் பெரியதாயினும் சிறியதாயினும் அம்முன்னிடம் மாறாது.

மாட்டு வண்டியின் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்வன. ஆகவே ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் உருள்வதில் இடர் இல்லை. புகைவண்டிக்கு இவ்வசதி கிடையாது. அதன் இரு சக்கரங்களும் அச்சோடு அச்சாக இறுகப் பொருத்தப்பட்டவை. இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுழல முடியும். ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் நீளமானது. நமது நாட்டு அகலப்பாதையின் அளவு 1676 மில்லிமீட்டர். பாதை செங்கோணமாகத் திரும்பினால் வெளித் தண்டவாளம் 2.63 மீட்டர் நீண்டுவிடும். இதனைச் சமாளிக்கவே புகைவண்டிச் சக்கரத்தின் விளிம்பைச் சற்றே கூம்பு வடிவாகக் கடைந்துள்ளனர். வளைவில் வண்டி வெளிப்புறம் சாயும்போது, வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்தாலும் உட்சக்கரம் தன் சிறிய விட்டத்தாலும் உருள்கின்றன.

தருமபுரி மாவட்டத்திலேயே முற்காலத்தில் ஒரு குறுகிய இருப்புப்பாதை இருந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பாதை, பின்னர் ஒசூர் வரை நீண்டது, 1941இல் மூடப்பட்டது. அதன் தண்டவாளங்களுக்கு இடையே 762 மில்லிமீட்டரே இடைவெளி. செங்கோணத் திருப்பத்தில் நீள வேறுபாடு 1.20 மீட்டர் மட்டுமே. குன்றுகளுக்கிடையே நெளிந்து செல்லும் பாதைகளுக்குக் குறுகிய அளவை விரும்பியதற்குச் செலவுக் குறைவு ஒரு காரணம்; இறுக்கமான வளைவுகளிலும் செல்ல இயலும் என்பது மற்றொன்று.

வளைகோடுகளின் இணைகளைப்பற்றி முறையாக ஆராய்ந்து எழுதியவருள் முற்பட்டவர் லைப்னிட்சு என்னும் ஜெர்மானிய அறிஞர். ஆண்டு 1692. நுண்கணிதத்தை நியூட்டனுக்கு இணையாகத் தனித்து வகுத்தவர் அவரே. அவருக்குப் பின் வந்தோர் கண்ட ஓர் உண்மை வியப்பளிப்பது. வட்டத்தின் இணைகோடு வட்டமே. நேர்கோட்டின் இணைகோடு நேர்கோடே. ஆனால் நீள்வட்டத்தின் இணைகோடு நீள்வட்டம் அன்று. பரவளையத்தின் இணைகோடு பரவளையம் அன்று. பரவளையத்தின் சமன்பாடு இரண்டாம் படியது. அதன் இணைகோட்டின் சமன்பாடோ ஆறாம் படியது. நீள்வட்டத்தின் இணைகோட்டிற்கு எட்டாம் படி வேண்டும். மண்பாதையில் மாட்டு வண்டி எளிதாகப் போட்டுச் செல்லும் கோட்டைத் தாளில் எழுதிக் காட்டக் கணிதர் இவ்வளவு பாடுபட வேண்டியுள்ளது.

இணைகோடு வரைவதும் ஒரு கோட்டை நகர்த்திப் படியெடுப்பதும் ஒன்றென்று கருதுவோர் பலர். அவை ஒன்றல்ல. நமது இல்லங்களில் மகளிர் வாசலில் ஈரிழைக் கோலம் இடுவதைப் பார்த்திருப்பீர்கள். விரல்களுக்கிடையே மாவை விட்டு, ஒரே இழுப்பில் இரண்டு இழைகளையும் போட வல்லவர்கள் உளர். அவர்தம் கையை உற்று நோக்குக. கோடு வளையும்போது கையும் உடன் திரும்பும். கை திரும்பாது நின்றால் சில இடங்களில் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். சில இடங்களில் ஒன்றாகவே ஒட்டிவிடும். இதை ஐயுறுவோர் இரண்டு பென்சில்களைச் சேர்த்துக் கட்டி, கையைத் திருப்பாமல் ஓர் அரைவட்டம் வரைந்து பார்க்கலாம். நடுவில் அகன்றும் ஓரங்களில் மெலிந்தும் பிறைபோன்ற உருவம் கிடைக்கும். பென்சில்களுக்கிடையே உள்ள தொலைவு மாறவில்லை. ஆனால் கோட்டிற்குச் செங்குத்தாக அளந்த தொலைவு மாறிவிட்டது. கோலத்தில் இழை ஒட்டினால் அழகு குறையும், அவ்வளவே. பாதை, சுவர், எந்திர உறுப்பு ஆகியவற்றின் வரைபடங்களில் அதனால் விளையும் கேடு பெரிது.

இற்றை நாளில் இத்தகைய வரைபடங்களைப் பெரும்பாலும் கணினியிலேயே வரைகின்றனர். இம்முறைக்கு வித்திட்டவர் அமெரிக்க நாட்டின் ஐவன் சதர்லாந்து என்பவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராயிருந்தபோது, 1963ஆம் ஆண்டில், ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் செயல்நிரலை அவர் படைத்தார். ஒளிப்பேனா கொண்டு திரையின்மீது கோடு வரையலாம். இவ்விரு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், கணினி அவற்றைத் திருத்தி இணையாக்கும். அதன்பின் 1982இல் வெளிவந்த ‘ஆட்டோகேட்’ வரைவு மென்பொருளைச் சிறிய கணினிகளுக்கும் கொண்டு வந்தது. இன்று ‘ஃப்ரீகேட்’ போன்று விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்களும் உள்ளன. ஒரு கணினி இருப்பின், பள்ளி மாணவரும் இவற்றைப் பயிலலாம்.

இம்மென்பொருள்களில் முதலில் தட்டையான ஒரு வரைவை அமைப்பர். அதனை ‘ஸ்கெட்ச்’ என்று தொழிற்கூடங்களில் வழங்குவர். நேர்கோடுகளும் வட்ட விற்களும் வளைகோடுகளும் சேர்ந்தது அது. அவ்வரைவின் ஒரு பகுதிக்கு இணையான படி வேண்டுமாயின், ‘ஆஃப்செட்’ என்னும் கட்டளையைத் தேர்வர். எந்தக் கோடு, எவ்வளவு தொலைவு, எந்தப் பக்கம் என்ற மூன்றையும் கணினிக்குக் கூற வேண்டும். ஒன்றோடொன்று தொடர்ந்து செல்லும் கோடுகளைச் சங்கிலியாக ஒருசேரத் தேர்ந்தெடுக்கவும் வழியுண்டு. கட்டளை இட்டவுடன், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்படி தோன்றிவிடும்.

அந்நேரத்திற்குள் கணினி செய்யும் வேலையை அறிவது நலம். நேர்கோடாயின், அதனைச் செங்குத்துத் திசையில் நகர்த்துகின்றது. வட்ட வில்லாயின், மையத்தை அவ்வாறே வைத்து ஆரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றது. வேறு வளைகோடாயின், மேலே கூறியபடி அதன் இணை அவ்வகைக் கோடாக அமையாது. ஆகையால், பல புள்ளிகளில் செங்குத்து நாட்டி, அவற்றின் முனைகளின் வழியே பொருந்துகின்ற கோடு ஒன்றை, மிகச் சிறிய பிழையளவுக்குள் வரைந்து தருகின்றது. துல்லியமானது போல் தோன்றும் அக்கோடு உண்மையில் ஒரு நெருக்கமான தோராயமே. தச்சுக்கும் கட்டடத்திற்கும் அப்பிழை பொருட்டன்று.

மூலைகளில்தான் சிக்கல் எழுகின்றது. நீள்சதுரமான ஒரு வயலைச் சுற்றி 2 மீட்டர் வெளியே வேலி போட வேண்டும் எனக் கொள்வோம். நான்கு பக்கங்களையும் வெளியே நகர்த்தினால், மூலைகளில் அவை ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது? மூலைக்கல்லிலிருந்து சரியாக 2 மீட்டர் தொலைவிலுள்ள புள்ளிகள் கால்வட்டமாக அமையும்; இலக்கணப்படி அதுவே இணைகோடு. ஆயினும் கூரிய மூலையே வேண்டுமென்றால், இரு பக்கங்களையும் நீட்டிச் சந்திக்கச் செய்யலாம். அப்பொழுது வேலியின் மூலை, வயலின் மூலையிலிருந்து 2.83 மீட்டர் தள்ளி நிற்கும். மூலை 30 பாகை அளவே உடைய கூர்முனையாக இருந்தால், நீட்டிய கோடுகள் 7.7 மீட்டருக்கு அப்பால்தான் சந்திக்கும். ஆதலின், விற்களால் இணைக்கவா, நீட்டிச் சந்திக்க வைக்கவா என்று மென்பொருள் கேட்கும். ஆராயாது விடையளிப்பவர் பக்கத்து வயலுக்குள் வேலியைச் செலுத்திவிடக் கூடும்.

உட்புறம் வரும்போது மூலைகள் எளியவை, கூர்மையாகவே நிற்கும். வீட்டுப் படங்களில் வெளிச்சுவர்க் கோட்டிலிருந்து சுவரின் கனத்தை உள்ளே தள்ளி உட்கோட்டைப் பெறுவது அன்றாட வேலை. 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உடைய வெளிச்சுவர், 23 சென்டிமீட்டர் கனம். உள்ளறை 5.54க்கு 3.54 மீட்டர். கனத்தை ஒருமுறை மட்டும் கழித்து, 5.77க்கு 3.77 என்று விடை எழுதும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பர். கணினி அப்பிழை செய்யாது. சுவருக்கு இரண்டு பக்கம் உண்டென்பது அதன் வழிமுறையிலேயே அடங்கியுள்ளது.

உள்நோக்கிய வளைவில் வேறோர் எல்லை குறுக்கிடுகின்றது. 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை உள்ளே 3 மீட்டர் தள்ளினால் 2 மீட்டர் ஆரமுள்ள வட்டம் கிடைக்கும். 5 மீட்டர் தள்ளினால் ஒரு புள்ளியே எஞ்சும். 6 மீட்டர் தள்ளச் சொன்னால்? அவ்வாறான இணைகோடு இல்லை. மையத்தைக் கடந்து மறுபக்கம் சென்று, தலைகீழான வட்டம் ஒன்று பிறக்கும்; அது பொருளற்றது. வட்டம் அல்லாத வளைவுகளில் இது மறைந்து நிகழும். கிடைத்தூரத்தின் வர்க்கத்தை 20ஆல் வகுத்தால் உயரம் வருமாறு ஒரு பரவளையம் வரைக. அதன் அடிமுனையில் வளைவின் ஆரம் 10 அலகு. உட்புறமாக 10 அலகு வரையில் தள்ளும்போது இணைகோடு ஒழுங்காகவே வரும். அதற்கு மேல் தள்ளினால், கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, மீனின் வால்போல் ஒரு மடிப்பை உண்டாக்கிவிடும். நல்ல மென்பொருள் அம்மடிப்பை வெட்டி எறியும். சில மென்பொருள்கள், இயலாது என்று கூறி நின்றுவிடும். இயலாது என்னும் அச்செய்தியைக் கண்டு எரிச்சல் கொள்வோர் பலர். உண்மையில் அது கணினியின் குறையன்று. நாம் கேட்ட கோடு இவ்வுலகில் இல்லை என்பதே அதன் பொருள்.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். ஒரு வரைவை வெளியே தள்ளி, அதே அளவு உள்ளே தள்ளினால் பழைய வரைவே கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்கும், எப்பொழுதும் கிடைக்காது. ஏரிக்கரையில் 3 மீட்டர் அகலமுள்ள ஒரு குறுகிய விரிகுடா இருப்பதாக எண்ணுக. கரைக்கோட்டை நீரை நோக்கி இருபுறமும் 2 மீட்டர் தள்ளினால் இரு கரைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து, விரிகுடா மறைந்துவிடும். மீண்டும் 2 மீட்டர் பின்னே தள்ளினாலும் மறைந்தது மீளாது. ஆகவே, மூலக்கோட்டை அழித்துவிட்டுப் படியை மட்டும் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது.

இவ்வெல்லை எந்திரத் தொழிலில் நாள்தோறும் உணரப்படுகின்றது. 2004ஆம் ஆண்டு வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர்க் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்குச் சென்ற ஒசூரில், ஊர்திகளும் கைக்கடிகாரங்களும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் 1980ஆம் ஆண்டுகளில் எழுந்தன. அவற்றைச் சூழ எண்ணற்ற சிறு எந்திரக்கூடங்கள் தோன்றின. அங்கே இரும்பைக் குடையும் எந்திரத்தில் சுழலும் வெட்டுளியின் விட்டம் 10 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். உறுப்பின் விளிம்பில் உளியின் மையத்தைச் செலுத்தினால், 5 மில்லிமீட்டர் அளவு மிகையாக வெட்டுண்டு உறுப்பு பாழாகும். எனவே, விளிம்பிற்கு 5 மில்லிமீட்டர் விலகிய இணைகோட்டின் வழியே மையம் செல்லுதல் வேண்டும். உள்மூலைகளில் 5 மில்லிமீட்டரினும் சிறிய ஆரத்தை அவ்வுளியால் வெட்டவே முடியாது. ஓர் உலோகப் பெட்டியின் உட்குழியை எடுத்துப் பாருங்கள். அதன் மூலைகள் உருண்டிருக்கும். அழகுக்காக உருட்டியவை என்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் அவை உளியின் ஆரம் விட்டுச் சென்ற தடமே. இதை அறியாமல் கூர்மூலை வரைந்து அனுப்பும் வரைவாளரிடம் எந்திரக்கூடத்தார் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவர்.

இணைகோடு எல்லாவற்றையும் முடித்துத் தராது என்பதற்குத் தொப்பூர்க் கணவாய் தக்க சான்று. தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை இறங்கும் அவ்விடத்தில், 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் பல வண்டிகள் ஒன்றோடொன்று மோதி உயிர்கள் பலியாயின. நீண்ட இறக்கமும், சுமைமிக்க ஊர்திகளின் வேகமும், நிறுத்தி தளர்தலும் அங்கே முதன்மையான இடர்கள். அவற்றை வரைபடம் ஒன்றால் நீக்கிவிட இயலாது. எனினும் வளைவுள்ள எந்தச் சாலைக்கும் பொருந்தும் ஒரு செய்தி உண்டு. மாட்டு வண்டிக்கு ஓர் அச்சே இருந்தது. ஆகையால் அதன் தடங்கள் ஒன்றுக்கொன்று இணையாயின. லாரிக்கு முன்னும் பின்னும் அச்சுகள் உள்ளன. வளைவில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை. உட்பக்கம் ஒதுங்கிச் செல்லும். அச்சுகளுக்கிடையே 6 மீட்டரும், வளைவின் ஆரம் 60 மீட்டரும் ஆயின், அவ்வொதுக்கம் 30 சென்டிமீட்டர். ஆகவே நேரான சாலையின் அகலத்தையே வளைவிலும் இணையாகப் படியெடுத்தால் போதாது. வளைவில் சாலையைச் சற்று அகலப்படுத்த வேண்டும் என்பது பொறியாளர் விதி. கணினியின் கட்டளை சீரான அகலத்தையே தரும். எங்கே சீர் தவற வேண்டும் என்பதை மனிதரே கூறவேண்டும்.

இனி, இணைகோட்டால் மக்களின் உடைமையே தொடப்படும் இடத்திற்கு வருவோம். மொரப்பூர் – தருமபுரி இடையே புதிய அகலப்பாதை அமைக்க 2019 மார்ச்சு மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. தொலைவு ஏறத்தாழ 36 கிலோமீட்டர். இத்தகைய பாதை எதுவாயினும் முதலில் வரையப்படுவது ஒரே ஒரு மையக்கோடு. அம்மையக்கோட்டிற்கு இருபுறமும் இணைகோடுகள் வரைந்த பின்னரே மண்கரையின் விளிம்பு, வடிகால், கையகப்படுத்தும் நிலத்தின் எல்லை ஆகியவை தெரியும். அந்தக் கடைசிக் கோட்டிற்கு உள்ளே இருப்பது பாதைக்கு உரியது. வெளியே இருப்பது உழவருக்கு உரியது. கேழ்வரகு விளையும் கொல்லையோ, மாந்தோப்போ, பாசனக் கிணறோ எப்பக்கம் விழும் என்பதை ஓர் இணைகோடு முடிவு செய்கின்றது.

‘ஆஃப்செட்’ என்னும் சொல்லும் கணினிக்கு முன்பே நில அளவையாளர் வாயில் வழங்கியதே. வயலின் நடுவே ஒரு நேர்கோடு பிடித்து, அதன்மீது சங்கிலியை இட்டு, எல்லையிலுள்ள ஒவ்வொரு கல்லுக்கும் அக்கோட்டிலிருந்து செங்குத்தாக அளந்து குறிக்கும் அளவு அது. நமது மாநிலத்தின் புலப்படங்கள் அம்முறையில் அமைந்தவை. தாலுகா அலுவலகத்தில் ஒரு புலப்படத்தைப் பார்ப்பவர், நடுக்கோட்டிலிருந்து ஏணிப்படிபோல் இருபுறமும் நீளும் சிறு செங்குத்துக் கோடுகளைக் காண்பர். அச்செங்குத்து அளவுகளும் ஈர மண்ணில் வண்டியின் அச்சு நின்ற நிலையும் ஒரே இலக்கணம் உடையவை.

ஒரு வரைவாளர், இணைகோடு வரைவதற்கு மாறாக மையக்கோட்டை நகர்த்திப் படியெடுத்து விட்டார் எனக் கொள்வோம். எல்லை இருபுறமும் 15 மீட்டர் விலகி அமைய வேண்டும். பாதை தொடங்குமிடத்தில் அவர் சரியாக 15 மீட்டர் நகர்த்தினார். பாதை மெல்ல வளைந்து, தொடங்கிய திசைக்கு 60 பாகை திரும்பிவிட்டது. அவ்விடத்தில் செங்குத்தாக அளந்தால் எல்லை 7.5 மீட்டரே விலகியிருக்கும். இருபுறமும் சேர்த்து 30 மீட்டர் இருக்கவேண்டிய நிலம் 15 மீட்டராகச் சுருங்கிவிடும். திரையில் பார்க்கும்போது மூன்று கோடுகளும் ஒன்றுபோலவே வளைந்து, கண்ணுக்கு இனிமையாகத் தோன்றும். உண்மையான இணைகோடுகளைவிடவும் ஒத்தவையாகத் தோன்றும். ஏனெனில், படிகள் மூன்றும் வடிவத்தில் ஒன்றே. உண்மை இணைகோடுகளில் ஒன்றின் ஆரம் 385, மற்றொன்றின் ஆரம் 415 என்று வடிவம் வேறுபடும். தனக்கு எட்டாது என்று உழவர் நம்பியிருந்த எல்லைக்கல், பிழை கண்டு திருத்தும் நாளில் 7.5 மீட்டர் உள்ளே வந்து நிற்கும். அவ்விடைவெளியில் ஒரு கிணறு அகப்படலாம். ஒரு வரிசை மாமரம் அகப்படலாம்.

இதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. இணைப்படிகள் இருவகைப்படும். மூலக்கோட்டோடு கட்டுண்ட படி ஒன்று; பிறந்தவுடன் தாயை மறந்த படி மற்றொன்று. முதல் வகையில், இத்தொலைவு மாறாதிருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு வரைவிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு குளத்தையோ கோயிலையோ தவிர்க்க வேண்டி மையக்கோட்டின் ஆரத்தை 400 மீட்டரிலிருந்து 500 மீட்டராக மாற்றினால், எல்லைக்கோடுகளும் தாமே 485, 515 என்று மாறிவிடும். இரண்டாம் வகையில் மையக்கோடு மட்டும் இடம்பெயரும். எல்லைகள் பழைய 385, 415 என்னும் இடத்திலேயே நின்றுவிடும். கட்டளை கொடுக்கும்போதே இவற்றுள் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் வசதி மென்பொருள்களில் உண்டு. அச்சிறு கட்டத்தில் குறியிடாமல் விட்ட படம், முதல் நாளில் பிழையற்றதாகவே இருக்கும். பாதை மாற்றப்பட்ட நாளிலிருந்துதான் அது பொய் சொல்லத் தொடங்கும்.

இவற்றைக் கண்டறிய எளிய வழி உளது. வரைவு பயில்வோர் தொடக்கத்திலேயே இதைப் பழகிக்கொள்வர். நேரான பகுதியில் அளந்து பயனில்லை. அங்கே நகர்த்திய படியும் சரியாகவே இருக்கக் கூடும். மிக இறுக்கமாக வளையும் இடத்தைத் தேடி, அங்கே மையக்கோட்டிற்கு ஒரு தொடுகோடு வரைந்து, அதற்குச் செங்குத்தாக எல்லை வரையில் அளக்க வேண்டும். வளைவு முடியும் இடத்திலும் அவ்வாறே அளக்க வேண்டும். பின்னர் மையக்கோட்டைச் சிறிது அசைத்துப் பார்த்து, எல்லைகள் உடன் வருகின்றனவா என்று நோக்க வேண்டும். உடன் வந்து, அளந்த இடமெல்லாம் 15 மீட்டரே காட்டுமாயின், அந்தப் படத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வயலுக்குச் சென்று கல் நடத் தொடங்கலாம்.